வெள்ளி காயும் வரை

கண்ணாடி என்கிற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் மாமியாரின் தம்பி வாயிலிருந்து. அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பாலத்துச் சுவரில் உரசி லாரியின் ஒரு பக்கக் கதவு நசுங்கிப் போய்விட்டது. முதலாளி கண்ணில் படுவதற்குள் சரிசெய்தாக வேண்டும். வேறொருவராக இருந்தால் பதறியிருப்பார். இவர் எங்கள் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடிகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். லாரியைப் பெத்தவனே வந்தாலும் எந்தக் கதவு அடிபட்டதுன்னு சொல்ல முடியாது" என்றார்.

"அதென்ன பேரு, கண்ணாடின்னு?"

"அவன் பெயிண்ட் அடிச்ச கதவுல மூஞ்சி பாத்து மீசை கத்தரிச்சுக்கலாம். அதான்."

அதே மாமாதான் பிறகு என் தங்கைக்கு அந்த ஆளைப் பேசி முடித்தார். அம்மாவுக்கு முதலில் மனசே ஒப்பவில்லை. "பேரே கண்ணாடியா? கை தவறிக் கீழ போட்டா ஒட்ட வைக்க முடியாதே" என்றாள். மாமா சிரித்துவிட்டு, "உன் பொண்ணு கையில பிடிச்சுக்கட்டும்" என்றார். என் தங்கை உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடித்துப் போயிற்று. பிறகு யார் என்ன சொல்லி என்ன.

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. பனிக்கு வரும், புகைக்கு வரும், புதுத் துணியின் வாசனைக்குக்கூட வரும். அவளை ஒரு பெயிண்டருக்குக் கொடுத்துவிட்டோமே என்று நான்தான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த மனிதர் முதல் நாளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். பெயிண்ட் வாசலோடு நிற்க வேண்டும். பட்டறையிலிருந்து வந்ததும் சட்டையை வெளியே கொடியில் போட்டுவிடுவார். குழாயடியில் முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து, பெயிண்ட் கரைக்கிற தின்னர் வாசனை இருந்தால் மறுபடி கழுவுவார். அதற்கு அப்புறம்தான் வாசற்படியில் கால் வைப்பார். மழை கொட்டினாலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரி, "உன் வீட்டுக்காரரு ஆபரேஷன் பண்ணிட்டு வர்ற டாக்டரு மாதிரியில்ல கை கழுவறாரு" என்று கேலி செய்வாள்.

வேலையில் அவருக்கு ஒரே எதிரி தூசி. பள்ளத்தை அடைக்கப் பட்டி பூசித் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது எல்லாம் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். கடைசிப் பூச்சு அடிக்கும்போது மட்டும் கொட்டகையை நாலு பக்கமும் மூடித் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு இவர் ஒருவர் மட்டும் உள்ளே இருப்பார். காயும் வரை யாரும் கதவைத் திறக்கக் கூடாது. ஒரு முறை பட்டறை முதலாளியே திறந்துவிட்டார் என்று அவரை வாய்க்கு வந்தபடி பேசினாராம். ஈரப் பெயிண்டை விரலால் தொட்டுப் பார்க்கிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. "காஞ்சிருக்கான்னு பாக்க கண்ணு இருக்கு. விரல் எதுக்கு?" என்பார்.

அவர்களுக்கு ஒரே பையன். பட்டறையில் தனக்குப் பக்கத்தில் நிற்பான் என்று இவர் நினைத்திருந்தார். அவன் வளர்ந்ததும், "உங்களை மாதிரி காலம் பூரா பெயிண்டைக் குடிச்சுக்கிட்டு இருக்க என்னால ஆகாதுப்பா" என்று சொல்லிவிட்டு ஒரு சரக்கு விமானத்தில் வேலைக்குப் போனான். ஓட்டுகிற வேலை இல்லை. மூட்டை ஏற்றி, கட்டி, கூடவே பறந்து போய் இறக்கிவிட்டு வருகிற வேலை. கேட்ட மனிதருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அந்த விமானத்துப் படியை மிதிச்சா இந்த வீட்டுப் படியை மிதிக்காதே" என்றார்.

சொன்ன வாயும் திரும்ப அழைக்கவில்லை, போன காலும் திரும்ப வரவில்லை. என் தங்கைதான் இரண்டு பஸ் மாறி விமான நிலையத்தின் பின்பக்கம் போவாள். அங்கே கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் இவளும் அந்தப் பக்கம் அவனுமாக நின்று பேசுவார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தை வேலிக்கு மேலே எறிய வேண்டும். அவன் பிடிப்பான். அவனுக்குப் பின்னால் அந்த விமானம் நிற்கும். "பாரும்மா, மூஞ்சி கழுவாம பள்ளிக்கூடம் போற பிள்ளை மாதிரி நிக்குது" என்பானாம். வந்து என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்ல மாட்டாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அந்த விமானம் கடலுக்கு மேலே போனது. போனதுதான். தேடினார்கள். ஒரு சக்கரமும் கொஞ்சம் சாக்குத் துணியும் கரை ஒதுங்கின. பையனுடையது என்று ஒரு செருப்புகூட வரவில்லை. பத்திரிகையில் விமானத்தின் படம் வந்தது. வாங்கின புதிதில் எடுத்த படம் போலிருக்கிறது, பளபளவென்று வெள்ளிப் பாத்திரம் மாதிரி இருந்தது. அதைத்தான் அந்த மனிதர் கத்தரித்து வைத்துக்கொண்டார். அந்த விமானத்தை அவர் நேரில் பார்த்ததே இல்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. நான் போனால் என் தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். அவர் கூடத்து நாற்காலியில் இருப்பார். "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்றால் தலையை ஆட்டுவார். ஆமா என்று ஆட்டினாரா இல்லை என்று ஆட்டினாரா, தெரியாது. பட்டறைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் ஒரு பெட்டியோடு வந்தார். விளையாட்டுச் சாமான் கடைக் கண்ணாடிக்குள் பார்த்தாராம். அதே ரக விமானம், சின்னதாக, துண்டு துண்டாகப் பிளாஸ்டிக்கில். நாமே ஒட்டிப் பெயிண்ட் அடித்துக்கொள்ள வேண்டும். மேசையில் பரப்பிவைத்து ஒட்ட ஆரம்பித்தார். இறக்கையும் உடம்பும் சேர்கிற இடத்தில் மயிரிழை இடுக்கு இருந்தால் பட்டி வைத்துத் தேய்த்தார். லாரிக் கதவுக்குச் செய்ததையெல்லாம் ஒரு முழ நீளப் பொம்மைக்குச் செய்தார். பட்டறையிலிருந்து பேனா பருமனில் ஒரு ஸ்பிரே கன் வாங்கி வந்தார். சட்டம் சட்டம்தான். பெயிண்ட் அடிப்பது மட்டும் கொல்லைப்புறத்தில் நடந்தது.

முதலில் கருப்பு அடித்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். "என்ன மாப்பிள்ளை, வெள்ளி விமானம்னு சொல்லிட்டுக் கரிச்சட்டி மாதிரி அடிக்கறீங்க?" என்றேன்.

"வெள்ளிக்கு அடியில பளபளன்னு கருப்பு இருக்கணும் அண்ணி. இல்லேன்னா வெள்ளி செத்துப் போய்ச் சாம்பல் மாதிரி தெரியும்."

மாதக்கணக்கில் அவர் பேசின முதல் முழுப் பேச்சு அதுதான்.

அதன் மேல் வெள்ளி. மூச்சு விட்டால் பறக்கிற அளவு மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று, மறுபடி ஒன்று. முடித்துக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தபோது தகடு அடித்துச் செய்தது என்றுதான் யாரும் சொல்வார்கள். ஜன்னல் அதில் தெரிந்தது. அவர் முகமும் தெரிந்தது.

என் தங்கை எழுந்து வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"இது இல்லைங்க" என்றாள்.

"படத்தைப் பாத்துத்தான் அடிச்சேன்."

"படத்துல இருக்கறது எவனோ வாங்கின விமானம். நம்ம பையன் போனது இது இல்லை. அது அழுக்கு. வால்ல ஒரு நீலக் கோடு, பாதி உதிர்ந்து போயிருக்கும். வயித்துல ஒட்டுப் போட்டிருக்கும், அந்தத் தகரம் மட்டும் வேற வெள்ளி. இடது பக்க எஞ்சினுக்குப் பின்னால இறக்கை மேல பூரா கரி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

வேலியடிக்குப் போனதையெல்லாம் அப்போதுதான் சொன்னாள். அவர் கோபிப்பார் என்று நான் பயந்தேன். அவர் கோபிக்கவில்லை. நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டு, "கரி எவ்வளவு தூரத்துக்கு இருக்கும்?" என்று கேட்டார்.

வாழ்நாள் முழுக்கப் பழையதைப் புதிதாக்கின கை அது. அதற்குப் புதிதைப் பழையதாக்க வரவில்லை. கரி பூசினால் தன்னை அறியாமல் துடைத்து ஒழுங்கு பண்ணிவிடும். "துடைக்காதீங்க, விடுங்க" என்று இவள் சொல்ல வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினார். பென்சில் கரியைப் பொடி செய்து வைத்துக்கொண்டார். அழுக்கைக் காற்று போகிற பக்கமாக, முன்னாலிருந்து பின்னால்தான் இழுக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார். பறக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். உதிர்ந்த நீலக் கோட்டுக்கு என் தங்கை அடுக்களையிலிருந்து உப்பு கொண்டுவந்து கொடுத்தாள். வெள்ளியை ஈரப்படுத்தி அங்கங்கே உப்புக் கல்லை ஒட்டி, அதன் மேல் நீலம் அடித்து, காய்ந்ததும் தேய்த்து எடுத்தால் உப்பு இருந்த இடமெல்லாம் நீலம் பெயர்ந்து வெள்ளி தெரியும். அதைப் பார்த்ததும் என் தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதேதான். இப்படியேதான் இருந்துச்சு" என்றாள்.

இதெல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்துத் தெருவில் சாக்கடைக் குழாய் போடப் பள்ளம் தோண்டினார்கள். தெரு பூரா மண். அவள் சொன்ன நிறத்துக்கு மாற்றக் கொல்லையில் வைத்து மறுபடி அடித்த வெள்ளியில் தூசி விழுந்து, பார்க்கச் சொறி பிடித்த தோல் மாதிரி ஆயிற்று. தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தார், மறுபடி விழுந்தது. வேலை நின்றுபோனது. அவர் திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டில் திரும்பவும் பேச்சு குறைந்தது.

சட்டத்தை உடைத்தது என் தங்கைதான். "உள்ளேயே அடிங்க. பின்னறை ஜன்னலைச் சாத்திட்டா தூசி எப்படி வரும்?" என்றாள்.

"உனக்கு ஆகாது."

"அதெல்லாம் சின்ன வயசுல. இப்ப எங்க வருது?"

வந்துகொண்டுதான் இருந்தது. எனக்குத் தெரியும். பின்னறையில் கதவையும் ஜன்னலையும் அடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு அவர் அடிப்பார். முகத்துக்குப் பட்டறை மாஸ்க் போட்டிருப்பார். அவளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அது மூச்சை முட்டுகிறது என்று கழுத்தில் இறக்கிவிட்டுக்கொள்வாள். இத்தனைக்கும் கண்ணாடி, "நீ வெளியே இரு, காஞ்சதும் காட்டறேன்" என்றுதான் சொல்வார். அவள் கேட்க மாட்டாள். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒவ்வொரு வெள்ளி. ஒன்றில் ஒரு சொட்டுக் கருப்பு, ஒன்றில் ஒரு சொட்டுப் பழுப்பு. எது எங்கே என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

நான் போனபோது அவள் அடுக்களையில் குனிந்து நின்று மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்து வாயில் அடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கொடுத்த இழுப்பு மருந்து.

"அதை ஏன்டி இங்க ஒளிச்சு வெச்சிருக்கே?"

"மெதுவா பேசுக்கா. அவர் பாத்தா வேலையை நிறுத்திடுவார்."

"நிறுத்தட்டும். மூடின ரூமுல இந்த நெடியில உக்காந்தா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"சொன்னார். ஆளைக் கொண்டுபோயிடும்னு சொன்னார்."

"அப்புறம்?"

அவள் டின்னைப் பழைய இடத்துக்கே நகர்த்தினாள். "அக்கா, எனக்குப் புதைக்கவும் ஒண்ணும் இல்லை, எரிக்கவும் ஒண்ணும் இல்லை. அவன் கடைசியா எதுக்குள்ள இருந்தானோ அதையாவது பாத்துக்கறேன். வால் முடிஞ்சிடுச்சு. வயித்து ஒட்டு முடிஞ்சிடுச்சு. அந்த இடது இறக்கை ஒண்ணுதான். அதை வெள்ளி அடிச்சுக் கரியை இழுத்துட்டா ஆச்சு."

"பைத்தியக்காரி. பொம்மைக்காக உயிரை விடுவியா?"

"நீ மூணு பெத்து மூணும் கண்ணு முன்னால இருக்கு. உனக்குப் பொம்மைதான்."

நான் அவரிடம் நேராகப் போய், "மாப்பிள்ளை, அவளை உள்ளே விடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். "நான் வேண்டாம்னுதான் சொல்றேன் அண்ணி. அவ இல்லாம எனக்கு ஒரு கோடும் தெரியாதே" என்றார். அது உண்மைதான். விமானம் இருந்தது அவள் கண்ணில். அவரிடம் இருந்தது கை மட்டும்.

இடது இறக்கைக்கு வெள்ளி அடித்த நாளில் தெருவில் பள்ளத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். லாரி லாரியாக மண் கொட்டினார்கள். புழுதி வீட்டுக் கூரை உயரத்துக்கு எழும்பியது. கடைசிப் பூச்சு அடித்து முடித்ததும் தின்னர் தீர்ந்துவிட்டது. ஸ்பிரே கன்னை உடனே கழுவாவிட்டால் உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அவர் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். வரும்போது, எப்போதும் பட்டறையில் சொல்கிற பேச்சையே சொல்லிவிட்டு வந்தார். "வெள்ளி காயற வரைக்கும் கதவைத் திறக்காதே." அவளும் வெளியே வந்துவிடுவாள் என்று நினைத்தாராம். வா என்று கூப்பிட்டாரா என்று நான் பிறகு கேட்டேன். கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை என்றார்.

கடை பக்கம்தான். போய் வந்தபோது கதவு சாத்தினபடி இருந்தது. ஜன்னல் சாத்தினபடி இருந்தது. என் தங்கை மேசைக்குப் பக்கத்தில் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். போய்ச் சேர்ந்தபோது டாக்டருக்கு வேலை இருக்கவில்லை.

வெள்ளியில் ஒரு தூசி இல்லை.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு நான் அந்த வீட்டிலேயே தங்கினேன். அடுக்களையை ஒழுங்கு செய்யும்போது மாவு டின்னை நகர்த்தினேன். மருந்து அங்கேயே இருந்தது. அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டார். என் கையிலிருந்து வாங்கி, குலுக்கிப் பார்த்து, திரும்ப டின்னுக்குப் பின்னாலேயே வைத்துவிட்டுப் போனார்.

பின்னறைக்கு அவர் போகவே இல்லை. ஒரு மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். சர், சர் என்று சத்தம் கேட்டு விழித்தேன். தண்ணீரில் நனைத்த வாட்டர் பேப்பர் தேய்க்கிற சத்தம். போய்ப் பார்த்தேன். மேசையில் உட்கார்ந்து இடது இறக்கையின் நுனியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முகம் அமைதியாக இருந்தது. வேலை செய்கிறவனின் முகம்.

"என்ன பண்றீங்க மாப்பிள்ளை?"

"நுனியில ஒரு பிசிறு அண்ணி. ஈர வெள்ளியில யாரோ விரல் வெச்சிருக்காங்க. இதை எடுத்தாத்தான்..."

கை நின்றது. பேப்பரைக் கீழே வைத்தார். இறக்கையைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. வழவழவென்று கருப்பு தெரிகிற வரை தேய்த்திருந்தார்.

"நான் தொடலை" என்றார். "நான் தொட மாட்டேன். எனக்கப்புறம் அந்த ரூமுக்குள்ள..."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவள் எழுந்திருக்கிறாள். அந்த இறக்கையின் நுனிக்குப் பக்கத்தில்தான் ஜன்னல். கையை நீட்டினால் கொக்கி. ஜன்னலைத் திறக்கப் போகும்போது தள்ளாடி இறக்கையில் கையை ஊன்றினாளா? இல்லை, கொக்கி எட்டுகிற தூரத்தில் நின்றும், தூசி விழுந்துவிடும் என்று திறக்காமல், பையன் போன விமானத்தை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாளா? ஊன்றின விரல் ஒரு மாதிரி விழும், தடவின விரல் இன்னொரு மாதிரி விழும். மற்றவர்களுக்குத் தெரியாது. கண்ணாடிக்குத் தெரியும். பட்டறையில் தடத்தைப் பார்த்தே எவன் தொட்டான், ஏன் தொட்டான் என்று சொல்கிறவர் அவர்.

"எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

கண்ணை மூடிப் பார்த்தார்.

"இல்லை அண்ணி. கண்ணு பாத்துச்சு, கை தேய்ச்சுடுச்சு. நடுவுல நான் இல்லை."

பேப்பர் நனைத்த கிண்ணத்தில் தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. அடியில் கொஞ்சம் வெள்ளி மின்னியது. நான் அதைக் கொட்டப் போனேன். "இருக்கட்டும்" என்றார். அது அங்கேயே இருந்து வற்றியது.

நான் அவரை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். என் பெரியவனும் வந்து கூப்பிட்டான். வரவில்லை. பட்டறை முதலாளி, அன்றைக்கு வசை வாங்கின அதே மனிதர், வீடு தேடி வந்து, "நீ வந்து சும்மா நில்லு, பசங்க அடிப்பாங்க, எது சரியில்லைன்னு சொன்னாப் போதும்" என்றார். அதற்கும் மாட்டேன் என்றார். பிறகு அவரே ஒரு வேலை கேட்டு வாங்கிக்கொண்டார்.

விமானம் பின்னறை மேசையில்தான் இருக்கிறது. வாலில் உதிர்ந்த நீலம், வயிற்றில் ஒட்டு, எல்லாம் அவள் சொன்னபடி. இடது இறக்கையில் நுனி மட்டும் கருப்பாக இருக்கிறது. எஞ்சினுக்குப் பின்னால் கரி இழுக்கவில்லை. அந்த ஜன்னலை அவர் சாத்துவதே இல்லை. சாரல் அடித்து வலது இறக்கையின் பூச்சு கொப்புளம் கண்டுவிட்டது. போன முறை போனபோது சொன்னேன். "தெரியும் அண்ணி" என்றார்.

இப்போது கண்ணாடி பஸ் டிப்போவில் வாசல் கேட் காவலாளியாக இருக்கிறார். பஸ் வந்தால் திறக்கிறார், போனால் சாத்துகிறார். பெயிண்ட் அடிக்கிற கொட்டகை பின்பக்கம் இருக்கிறது. அங்கே போவதில்லை.